‘ரன்’ என்ற சொல்லுக்கு அறுபத்துநாலு சீட்டு

முனிர்கா,
3-2-2025

அண்ணனுக்கு,

இந்திராணி எழுதுதேன். ஆறு மாசமா உங்க நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கவ எதுக்கு லெட்டர் போடுதான்னு நினைப்பிய. போன்ல பேசினா நான் கத்திருவேன். வாட்ஸப்ல இங்கிலீஷ் எழுத்துல எழுதினா வடிவு பாத்துருவா. என் போன் முக்காவாசி நேரம் அவ கையிலதான் கிடக்கு. இப்படிக் கையால தமிழ்ல எழுதினா அவளுக்கு ஒரு எழுத்து புரியாது. பிள்ளையை டெல்லியில பெத்து வளத்ததுக்கு இந்த ஒரு லாபந்தான்.

விஷயத்துக்கு வாரேன். உங்க ஆபீஸ் வெங்கி நேத்து நம்ம மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவரு ஒரு காகிதக் கட்டை மறந்துட்டுப் போயிட்டாரு. மேல சாம்பார் சிந்தியிருந்துச்சு. துடைக்கப் போன இடத்துல பாத்தா நீங்க எழுதுற இங்கிலீஷ்-தமிழ் அகராதி. ரன்னுங்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு முப்பத்தோரு பக்கம்! காலால ஓடுறதுக்கு ஒரு அர்த்தம், கடை நடத்துறதுக்கு ஒண்ணு, மூக்கு ஒழுகுறதுக்கு, காய்ச்சல் அடிக்கிறதுக்கு, சேலை சாயம் போறதுக்கு, எலக்‌ஷன்ல நிக்கிறதுக்குன்னு அறுபத்திநாலு போட்டிருக்கிய. ஒரு வார்த்தைக்கு இத்தனை வேலையா, நம்ம சமையல்கார ஜெகன்கூட இவ்வளவு பாக்க மாட்டானேன்னு முதல்ல சிரிச்சேன். நானும் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதான. ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டி வாசிச்சேன்.

ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழ ஒரு உதாரண வாக்கியம், ஓரத்துல அதை நீங்க முதல்ல குறிச்சு வச்ச சீட்டோட தேதி. ‘மகாதேவன் காலனிச் செயலாளர் பதவிக்கு நின்று நாலு ஓட்டில் தோற்றார்.’ சீட்டு 2022 பிப்ரவரி. உங்க பக்கத்து வீட்டு மகாதேவன் சார் நின்னது அந்த டிசம்பர்ல. நாலே ஓட்டு. வாங்கி வச்ச லட்டு வீணாப்போச்சுல்லா? ‘ஜெகனுக்கு ஒன்பது நாள் காய்ச்சல் அடித்தது.’ சீட்டு அடுத்த வருஷம் மார்ச்சுல. அவன் டெங்குல படுத்தது செப்டம்பர்ல. எண்ணி ஒம்பது நாள், அடுப்புல நின்னவ நான்.

அண்ணி சீட்டை நான் முன்னாலயே பாத்தாச்சு. பதினாறாம் நாள் உங்க மேசையை ஒதுங்கவைக்கும்போது. ‘மங்களம் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.’ போன ஏப்ரல்ல எழுதியிருக்கிய. ஆகஸ்ட்ல அண்ணி நெஞ்சு அடைச்சு அடுப்படித் தொட்டிகிட்ட விழுந்து கிடந்தப்ப குழாய் திறந்துகிடந்து வீடு பூரா தண்ணி. அந்தச் சீட்டைக் கண்டுதான் நாப்பது பேர் முன்னால, ‘உங்க கருநாக்குதான் அண்ணியை முழுங்கிச்சு’ன்னு சொன்னேன். உங்க நாக்குல மச்சம் இருக்கு, இவன் வாயில எதுவும் விழுந்துரக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டேதான் செத்தா. சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கல. நாப்பது பேர் முன்னால சொன்னதுதான் தப்பு.

இப்ப ஏன் எழுதுதேன்னா, முதல் பக்கம், முதல் அர்த்தம். ‘வடிவு திரும்பிப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஓடினாள்.’ எந்த ரோடு அண்ணே? ஏன் திரும்பிப் பாக்கல? அந்தப் பக்கம் போய்ச் சேந்தாளா இல்லியா? எனக்கு இருக்கது ஒரே ஒரு பிள்ளை. அவ அப்பா போனதுக்கப்புறம் அவளை வச்சுத்தான் நான் மூச்சு விடுதேன். அச்சுக்குப் போறதுக்குள்ள அந்த வரியை எடுத்துருங்க. வேற எதுவும் கேக்கல.

இந்திராணி


மோதி பாக்,
6-2-2025

இந்திராணிக்கு,

பதினைந்து நிமிட ஆட்டோ தூரத்துக்கு ஸ்பீட் போஸ்ட். நம் குடும்பத்து ரோஷத்தை அளக்க வேறு கருவி வேண்டாம். கடிதம் கிடைத்தது, வாசித்தேன், எடுத்து வைத்தேன், மறுபடி வாசித்தேன்.

முதலில் அலுவலக பதில். அகராதியில் பெரிய சொற்களால் தொல்லை இல்லை. ‘தத்துவம்’ மாதிரி ஒரு சொல் அரைப் பக்கத்தில் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். இந்த ரன் மாதிரி ஒன்றரையணாச் சொற்கள்தான் ஆளைக் கொல்லும். மூன்று வருடம் அதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பக்கங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டவை. இருபத்தெட்டாம் தேதி அச்சுக்குப் போகின்றன. ஒரு பெண் ரோட்டைத் தாண்டி ஓடினாள் என்பதில் என்ன குற்றம்? வடிவு ஒரு நாளைக்கு நாலு ரோடு தாண்டுகிறாள். மகாதேவன் எந்தத் தேர்தலில் நின்றாலும் நாலு ஓட்டில்தான் தோற்பார். அறுபத்துநாலு வாக்கியம் எழுதினால் நாலைந்து எங்கேயாவது போய் ஒட்டத்தான் செய்யும்.

இனி அலுவலகம் அல்லாத பதில். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தவனை, நாற்பது பேருக்கு முன்னால், கூடப் பிறந்தவள் கொலைகாரன் என்றாள். வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள். அதற்கப்புறம் இந்தக் காலனியில் எவனும் என்னிடம் ‘உடம்பு எப்படி இருக்கிறது’ என்று கேட்பதில்லை, நான் ஏதாவது பதில் சொல்லிவிடுவேனோ என்று.

அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. உதாரண வாக்கியத்தின் தமிழை நாங்கள் கட்டிச் சேர்க்கக் கூடாது. யாராவது ஒரு தமிழ் ஆள் உண்மையில் வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். காதில் விழுந்த அன்றே சீட்டில் எழுதித் தேதி போட வேண்டும். டெல்லியில் என் காதில் தமிழ் எங்கே விழுகிறது? பதினோரு வருடமாக தினம் சாயங்காலம் ஆறரை மணிக்கு நீ போன் பண்ணுவாய். போன் பக்கத்தில் சீட்டுக்கட்டு இருக்கும். நீ பேசப் பேச நான் எழுதிக்கொண்டேன். மகாதேவன், ஜெகன், மங்களம், வடிவு, எல்லாம் நீ சொன்னது. ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை.

கருநாக்கு யாருடையது என்று இப்போது யோசித்துக்கொள்.

ராஜசேகரன்


முனிர்கா,
10-2-2025

அண்ணே,

ரெண்டு நாளா எனக்குக் கை ஓடல. நான் சொன்னேனா? நான் என்னத்தையெல்லாம் சொன்னேன்? காலையில அஞ்சு மணிக்குத் திறந்த வாயி ராத்திரி மெஸ்ஸுக் கதவைச் சாத்தும்போதுதான் மூடும். அதுல எதுன்னு ஞாபகம் வச்சுக்கிட?

முந்தாநேத்து கட்டை எடுத்து மறுபடி வாசிச்சேன். வாசிக்க வாசிக்க என் குரல்லயே கேக்குது அண்ணே. ‘திரும்பிப் பார்க்காமல்’னு நான் சொல்லக்கூடியவதான். அவ ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடுற நாள்லேருந்து, ‘இந்த மூதேவி திரும்பியே பாக்க மாட்டா’ன்னு புலம்புனவ நான்தான.

இன்னொண்ணும் நினைச்சுப் பாத்தேன். நான் வேண்டிக்கிட்டது ஒண்ணாவது பலிச்சிருக்கா? அவ அப்பா பிழைக்கணும்னு நாப்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். பலிக்கல. வடிவு டாக்டர் ஆகணும்னேன். ஆகல. மனசு வச்சுச் சொன்னது ஒண்ணும் நடக்க மாட்டேங்கு. அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு வாய்க்கு வந்ததை உளறுவேன்ல, அதுதான் நடக்குது போல. அப்படின்னா நல்லதா ஒண்ணு சொல்லி இதை மாத்தவும் வழியில்ல. யோசிச்சுச் சொன்னா செல்லாது. யோசிக்காம சொன்னா எது வரும்னு எனக்கே தெரியாது.

அதனால வாயை மூடிட்டேன். மவுன விரதம்னு ஒரு அட்டையில எழுதி கல்லாப் பக்கத்துல மாட்டியாச்சு. சாப்பிட வாற யூனிவர்சிட்டி பிள்ளைகளுக்கெல்லாம் சிரிப்பு. வடிவுக்கு மட்டும் சிரிப்பு வரல.

சீட்டு என்னோடதாவே இருக்கட்டும். ஆனா கிழிக்கிற கை உங்களோடது. அந்த வரியை எடுத்துருங்க. கால்ல விழுந்து கேக்கேன்.

இந்திராணி


மோதி பாக்,
14-2-2025

இந்திராணிக்கு,

வரியை எடுத்துவிட்டேன். சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் ‘நீக்குக’ என்று எழுதி, சுருக்கொப்பமும் போட்டேன். ‘குழந்தை வாசலுக்கு ஓடியது’ என்று பெயர் இல்லாத ஒரு வாக்கியத்தை அந்த இடத்தில் வைத்தேன். இதோடு விட்டுவிடு.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அடித்து அனுப்பிய பக்கம் நேற்று திரும்பி வந்தது. மற்ற பதினேழு திருத்தமும் ஒழுங்காக ஏறியிருக்கிறது. வடிவின் வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டேன். ‘அச்சா சார், ஜல்தி பண்ணிடலாம்’ என்றான். என் எதிரிலேயே அழித்தான். இன்று வந்த பக்கத்திலும் இருக்கிறது. பழைய பிரதியைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் போலிருக்கிறது. திங்கட்கிழமை மூன்றாவது தடவை அடிப்பேன். நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

ஆனால் இந்த மவுனம் வேண்டாம். வெங்கி வந்து சொன்னான். ‘மெஸ்ஸில் தட்டுச் சத்தம் மட்டும்தான் சார் கேட்கிறது, கருமாதி வீடு மாதிரி இருக்கிறது’ என்றான். நான் கோபத்தில் எழுதியதை நீ இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. பிள்ளையோடு பேசு. பேசுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ராஜசேகரன்


முனிர்கா,
24-2-2025, மத்தியானம்

அண்ணே,

போன் போட்டேன். நீங்க ‘ஹலோ, ஹலோ, ராணியா?’ன்னு கேட்டிய. எனக்கு வாய் வரல. வச்சிட்டேன். அதான் எழுதி வெங்கிகிட்ட குடுத்து விடுதேன். அவரு அதை வாங்கிக்கிட ஆட்டோவுல இங்க வந்துக்கிட்டு இருக்காரு.

வடிவு வீட்டை விட்டுப் போயிட்டா.

ரெண்டு வாரமா பேசாம கிடந்தேன்லா. அதுல ஒரு நாள் வடிவு சொன்னா, ‘மம்மி, மத்தியானம் தூங்கும்போது நீ பேசுற’ன்னு. என்ன பேசுதேன்னு எழுதிக் கேட்டேன். ‘தெரியல, ரொம்ப வேகமா, ஊர்த் தமிழ்ல. பேர் பேரா வரிசையா சொல்லுற. என் பேரும் வருது’ன்னா. அன்னையிலேருந்து நான் படுக்கல. மத்தியானம் ஆனா வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பிள்ளை அதையும் பாத்துட்டா.

இன்னைக்குக் காலையில அவளுக்குப் புனேயில வேலை கிடைச்சதுன்னு லெட்டர் வந்திருக்கு. மெஸ்ஸுக்குள்ள குதிச்சுக்கிட்டு வந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ‘மம்மி, போகவா? நீ போன்னு சொன்னா போறேன், இருன்னா இருக்கேன். குச் தோ போலோ, ஏதாவது சொல்லு’ன்னா. நான் என்ன சொல்லுவேன்? போன்னா போயிருவாளே, இருன்னா எப்படி இருப்பாளோ, ‘நல்லாருப்ப’ன்னு சொல்ல வாயெடுத்தாக்கூட நடுவுல எது நுழையுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவ என் மூஞ்சியையே பாத்தா. ‘உனக்கு என்னைப் பிடிக்கல. அதுதான விஷயம்?’னு கேட்டுட்டு, செருப்பை மாட்டி மாட்டாம இறங்கிட்டா.

வாசல் வரைக்கும் ஓடினேன் அண்ணே. சந்து முக்குல அவுட்டர் ரிங் ரோடு தெரியுதுல்லா. ஒரு தடவை ‘ஏட்டி வடிவு’ன்னு கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பா. கூப்பிட்டா திரும்புத பிள்ளைதான் அவ. தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அவ ரோட்டைத் தாண்டி ஓடினா. ஒரு பஸ் பிரேக் போட்ட சத்தம் கேட்டுச்சு. வண்டிக் கூட்டத்துக்கு நடுவுல ரோட்டைத் தாண்டி நான் போய்ச் சேருததுக்குள்ள பஸ்ஸுமில்ல, அவளுமில்ல. ஒத்தைச் செருப்பு கிடந்துச்சு. ஜெகன் நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டான். அவ போன் ஸ்விட்ச் ஆஃப்.

அங்க வந்தாளா? வந்திருந்தா வெங்கிகிட்ட ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நீங்க எழுதுறதுதான என் பிள்ளைக்கு நடக்குது. ஆமான்னு எழுதுங்க.

இந்திராணி


மோதி பாக்,
24-2-2025, சாயங்காலம்

ராணி,

ஆமா. ஆமா. ஆமா.

உன் கடிதம் வருவதற்குக் கால் மணி முன்னால் வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. பஸ் ஒரு கை தூரத்தில் நின்றதாம். டிரைவர் இறங்கி வந்து திட்டிவிட்டு, இவள் அழுவதைப் பார்த்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். இப்போது மங்களத்தின் கட்டிலில் தூங்குகிறாள். கூடத்து விளக்கை அணைக்க வேண்டாம் என்றாள். ‘மாமா, அம்மா ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கிறா?’ என்று கேட்டாள். அதற்கு அவளிடம் சொல்ல வேண்டிய பதிலை உனக்கு எழுதுகிறேன்.

நான் பொய் சொன்னேன். அறுபத்துநாலு சீட்டில் ஒன்றுகூட நீ சொன்னது இல்லை. விதி உண்மை, நான் அதை மீறியதும் உண்மை. நீ பதினோரு வருடம் போனில் பேசியதில் நான் பாதியைக் கேட்கவே இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ‘ம்’ கொட்டிக்கொண்டே என் இஷ்டத்துக்கு வாக்கியம் கட்டுவேன். கைக்கு வந்த பெயரைப் போடுவேன். எல்லாம் வீட்டுப் பெயர். வேறு யாரை எனக்குத் தெரியும்? ஆய்வுக்கு யாராவது வந்து கேட்டால் ‘தங்கை சொன்னது’ என்று காட்டச் சீட்டின் மூலையில் ‘இ’ என்று போட்டு வைத்தேன்.

மகாதேவன் நாலு ஓட்டில் தோற்ற அன்றைக்குச் சிரித்தேன். ஜெகனின் ஒன்பதாம் நாள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதப் பயம். பயத்தில், யாரையும் ஒன்றும் செய்யாத வாக்கியமாகத் தேடித் தேடி எழுதினேன். ஒரு பெண் குழாயை மூட மறந்தாள், அவ்வளவுதான். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று மங்களத்தின் பெயரை நானே போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கால் நனைந்தது, ராணி. அடுப்படிக்குப் போவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினாறாம் நாள் நீ சொன்னது எனக்குப் புதிது இல்லை. பதினாறு நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததை நீ சத்தமாகச் சொன்னாய், அவ்வளவுதான். தாங்க முடியவில்லை. கையில் நெருப்பு இருந்தால் பக்கத்தில் இருப்பவன் மேல் எறியத்தானே தோன்றும்? உன் மேல் எறிந்தேன். அது பிள்ளையின் மேல் போய் விழுந்தது.

இன்னொன்று. இன்று ஆபீஸில் நாலாவது முறையாகப் பக்கங்கள் வந்தன; உன் போனுக்குப் பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வடிவு சொன்ன நேரத்தை வைத்துப் பார்த்தால் அவள் ரோட்டைத் தாண்டிய கையோடு என் மேசைக்கு வந்திருக்கின்றன. இந்த முறை அந்த வரி இல்லை. குழந்தை வாசலுக்கு ஓடிய வரி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. நடந்து முடிந்ததும் போய்விட்டது. கம்ப்யூட்டர் பிரிவைப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் வேலையை விடப்போகிறேன். இனி யாரைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டேன். மங்களத்தை நான்தான் கொன்றேன். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி.

அண்ணன்


முனிர்கா,
25-2-2025

அண்ணே,

‘ஆமா’ மூணையும் தடவிப் பாத்துக்கிட்டே ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். அழுது தீத்துட்டு, விடிஞ்சதும் உங்களைத் திட்டி எழுதணும்னு பேனாவை எடுத்தேன். பொய் சொல்லி என் வாயை அடைச்ச பாவிக்கு நாலு வார்த்தை நறுக்குன்னு குடுக்கணும்னு. ஆனா கடைசி வரியை மறுபடி வாசிச்சேன். எனக்குத் திட்ட வரல.

நான் சொல்லுததைக் கேளுங்க. நீங்க நினைக்கது தப்பு. அந்தச் சீட்டெல்லாம் நான் சொன்னதுதான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துட்டு. அண்ணி பாத்திரம் விளக்கும்போது குழாயைத் திறந்து போட்டுட்டு எங்கிட்ட பேச வந்துருவாவ. ‘இந்த அண்ணி குழாயை மூடவே மாட்டாவ, தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டே கிடக்கும்’னு போன வருஷம் சித்திரை விசு அன்னைக்கு உங்ககிட்ட போன்ல நாந்தான் சொன்னேன். நீங்க ‘ம்’னிய. காதுல விழாதவன் ‘ம்’ கொட்ட மாட்டான். நீங்க கேக்கலன்னு நினைச்சுக்கிட்டு கேட்டிருக்கிய. நீங்களாக் கட்டினதா நினைச்சது பூரா என் வாயிலேருந்து வந்ததுதான். மகாதேவன் சாரு நாலு ஓட்டுல தோப்பாருன்னதும் நாந்தான்.

அம்மா உங்க நாக்கை மட்டுந்தான் நீட்டச் சொல்லிப் பாத்தா. என் நாக்கை யாரு பாத்தா? நேத்து கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். இருக்கு அண்ணே. அடியில, இடது ஓரமா, கடுகு அளவுக்குக் கறுப்பா ஒண்ணு. நல்ல வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும்.

அதனால அண்ணியை நீங்க ஒண்ணும் செய்யல. நாப்பது பேர் முன்னால சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். இடத்தை மட்டுமில்ல, சொன்னதையே. வேணும்னா அந்த நாப்பது பேரையும் கூப்பிட்டு விடுங்க, அவங்க முன்னாலயே சொல்லுதேன். நாக்கு என்னோடது, பழி என்னோடது. இதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கு. மெஸ்ஸுல நாலு சிலிண்டரைத் தூக்குறவ நான். உங்களுக்கு அந்த வீட்டுல ஒத்தைக்கு உக்காந்து இதைச் சுமக்க முடியாது. வேலையை விடாதிய. இன்னைக்கு ராத்திரி தூங்குங்க.

நான் சாயங்காலம் ஆறரைக்கு அங்க வாரேன். வாயைத் திறந்துக்கிட்டுத்தான் வாரேன். பயமா இருக்கத்தான் செய்யுது. ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு முழுங்கினேன் பாருங்க ஒரு கூப்பாடு, அதைவிடப் பெரிய பாவம் என் நாக்குல வந்துறாது. புனேக்குப் போகணும்னா போகட்டும். ‘பத்திரமாப் போயிட்டு வாட்டி’ன்னு என் வாயாலயே சொல்லி அனுப்புதேன். அப்புறம் நடக்கது நடக்கட்டும்.

அவ எந்திரிச்சதும், அம்மா பேசுதான்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அவளுக்கு வாசிச்சுக் காட்டாதிய. நான் எப்ப பொய் சொல்லுதேன்னு கண்டுபிடிக்கிறவ அவ ஒருத்திதான்.

உங்க தங்கச்சி,
இந்திராணி